சேலத்திலிருந்து சேலத்துக்கு எத்தனை கிலோமீட்டர்?

ஐந்துரோடு | ஜூன் 2, காலை 10.15

நம்ம சேலத்துக் கமலாபுரம் விமான நிலையத்துக்கும், அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத் தலைநகரமான சேலத்தின் விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? மூன்று இணையதளங்களில் பார்த்தாயிற்று. ஒன்று 13,364 கி.மீ., 14 மணி 51 நிமிடம் என்கிறது. இன்னொன்று 15,640 கி.மீ. மூன்றாவது, இரண்டும் ஒரே பெயர் என்பதால் 0 கி.மீ. என்று சொல்லி முடித்துக்கொண்டது.

என் கட்சி 15,640. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு சீனா, பசிபிக் மேலே நேராகப் போகிறது. 13,364 சொல்கிற தளத்தில் அதே கோடு வில் மாதிரி வடதுருவம் பக்கம் வளைகிறது. வளைந்து போனால் தூரம் கூடத்தானே வேண்டும்?

கமலாபுரத்தான் | ஜூன் 2, காலை 11.40

வளைவாகத் தெரிவதுதான் நேர்வழி. ஸ்கேல் வைத்து இழுத்ததுதான் சுற்று.

ஒரு ரப்பர் பந்தை எடுங்க. நடுவில் பூமத்திய ரேகை போடுங்க. அதற்குச் சற்று மேலே ஒரு புள்ளி, அது நம்ம ஊர். பந்தின் பின்பக்கம், ரேகைக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில் இன்னொரு புள்ளி, அது அவங்க ஊர். இரண்டிலும் நூலைப் பிடித்து இறுக்கினால் நூல் தானாக உச்சிப் பக்கம் ஏறிக்கொள்ளும். சுவர் வரைபடம் துருவப் பகுதியைத் தோசை மாதிரி விரித்துவிடுகிறது. அதனால் அங்கே போகும் குறுக்குவழி நீளமாகத் தெரிகிறது.

15,640 பொய்க் கணக்கில்லை. கிழக்குக்குச் சற்று வடக்கே, அதாவது வடக்கிலிருந்து கிட்டத்தட்ட 76 டிகிரியில், திசைகாட்டி முள்ளை மாற்றாமல் கடைசி வரை போனால் வரும் தூரம் அது. திசைகாட்டியை மட்டும் நம்பிய கப்பல்காரனுக்கு அது வசதி. விமானத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கி.மீ. எரிபொருள் தண்டம்.

கையால் போட்டுப் பார்த்தால் எனக்கு 13,398 வருகிறது. அந்தத் தளம் 34 கி.மீ. குறைத்துச் சொல்கிறது.

கமலாபுரத்தான் | ஜூன் 2, மதியம் 12.25

மேலே சொன்ன கடைசி வரியை அடித்துவிடுங்க. தளம் சரி, நான் தப்பு.

நிலையத்தின் இடம் 11 டிகிரி 47 நிமிடம் வடக்கு, 78 டிகிரி 4 நிமிடம் கிழக்கு. அதை 11.47 என்றும் 78.04 என்றும் அடித்துவிட்டேன். ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். 47-ஐ 60-ஆல் வகுத்தால் 0.783. ஆகவே 11.783, 78.066. என் தப்பில் விமான நிலையம் கமலாபுரத்தை விட்டு மல்லசமுத்திரம் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த 34 கி.மீ. அப்படி வந்தது.

கணக்கு போடுகிறவர்களுக்கு முறை இதோ. கணிப்பானை டிகிரியில் வைத்துக்கொள்ளுங்க.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்பையும் பெருக்குங்க: 0.2042 × 0.7060 = 0.1442.

அடுத்து இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்பும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் மதிப்பும், மூன்றையும் பெருக்குங்க. அந்தச் சேலம் 44.910 வடக்கு, 123.003 மேற்கு. மேற்கு என்பதால் மைனஸ். வித்தியாசம் 201.07. 0.9789 × 0.7082 × மைனஸ் 0.9331 = மைனஸ் 0.6470.

கூட்டினால் மைனஸ் 0.5028. அதன் தலைகீழ் கொசைன் 120.18 டிகிரி. டிகிரிக்கு 111.195 கி.மீ. என்று பெருக்கினால் 13,364.

மேற்குக்கு மைனஸ் போட மறந்தால் 5,600 கி.மீ. சொச்சம் வரும். ஒரேகான் சேலம் வடகிழக்குச் சீனாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். விடை சின்னதாக வந்ததே என்று சந்தோஷப்படாமல் அங்கே முதலில் பாருங்க. கணினி அட்டவணையில் போடுகிறவர்கள் கோணத்தை ரேடியனுக்கு மாற்றிவிட்டு, கடைசியில் பூமியின் ஆரமான 6,371-ஆல் பெருக்க வேண்டும். மாற்றாமல் விட்டால் வருவது வெறும் குப்பை.

ஐந்துரோடு | ஜூன் 2, இரவு 9.05

பந்தும் நூலும் வைத்துப் பார்த்தாயிற்று. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் அந்த நூல் எந்தெந்த ஊர் மேல் போகிறது? கமலாபுரத்தில் ஏறினால் முதலில் சென்னைதானே?

கமலாபுரத்தான் | ஜூன் 3, காலை 7.30

சென்னை வராது. கிளம்பும் திசை வடக்கிலிருந்து கிழக்கே 17 டிகிரிதான். தெலங்கானாவில் வாரங்கலுக்குச் சற்றுக் கிழக்கே, பிறகு கோரக்பூர், நேபாளத்தில் பொக்காரா. அதைத் தாண்டித் திபெத், மங்கோலியாவின் மேற்கு ஓரம், சைபீரியா. உச்சி 73 டிகிரி வடக்கு, ரஷ்யாவுக்கு மேலே உள்ள உறைகடல். அங்கிருந்து இறங்கு திசை. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸுக்குச் சற்றுக் கிழக்கே, கனடாவின் மேற்கு ஓரம் வழியாக ஒரேகான்.

வட துருவம் என்று சொன்னீர்களே, அதைத் தொடாது. துருவத்துக்கு 1,800 கி.மீ. சொச்சம் தெற்கிலேயே திரும்பிவிடுகிறது.

கொண்டை ஊசி 20 | ஜூன் 3, காலை 8.10

இங்கே ஏற்காட்டில் உட்கார்ந்து இதைப் படித்தால் சிரிப்பு வருதுங்க. எங்க ஊர் விமான நிலையத்துக்கு நேர் கிழக்கே 15 கி.மீ. காக்கைக்கு அரை மணிக்குள் முடிகிற வேலை. காருக்கு? மலை இறங்கி, அஸ்தம்பட்டி வந்து, ஓமலூர் வழியாகக் கமலாபுரம். 50 கி.மீ. பக்கம். 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு சுற்றுலா வண்டிகள் ஏறும்போது ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்து யாரும் வந்ததில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் வாங்க. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அடிவாரத்தில் தீய்ந்த வாடை அடிக்கும். வளைவில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி.

கமலாபுரத்தான் | ஜூன் 3, மாலை 6.45

கொண்டை ஊசி சொன்னதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். விமானத்துக்கும் அதே கதை. நூல் இழுத்த கோட்டில் யாரும் பறப்பதில்லை.

முதல் தடை திபெத். பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டர், கிட்டத்தட்ட 14,800 அடி. கேபினில் காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேல் விழும் முகமூடியில் ஆக்ஸிஜன் கால் மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். கீழே மலையே 15,000 அடியில் நின்றால் எங்கே இறங்குவது? அதனால் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போவார்கள். குறுக்கே போக வேண்டுமானால் கூடுதல் ஆக்ஸிஜனும், தப்பிக்கும் வழிகளை முன்கூட்டியே குறித்த திட்டமும் வேண்டும்.

இரண்டாவது, ரஷ்ய வான்வெளி. 2022 முதல் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியிருக்கிறது. இந்திய, வளைகுடா நிறுவனங்கள் போகலாம். ஒரே ஊருக்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விதமாக நேரம் காட்ட இதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, குளிர். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 டிகிரி, அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ-க்கு மைனஸ் 40. துருவப் பாதையில் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளின் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே பறப்பார்கள். அதிகம் குளிர்ந்தால் உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். நூலில் இதெல்லாம் தெரியாது.

ஒப்பிட ஒரு கணக்கு. பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோ நேர்தூரம் 13,993 கி.மீ. என்று ஏர் இந்தியா சொன்னது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து முழுக்கப் பெண் விமானிகள் ஓட்டிவந்த முதல் விமானத்துக்குச் செய்திகளில் வந்த தூரம் 16,000 கி.மீ. பக்கம். ஒன்று நூலின் நீளம், மற்றது பறந்த பாதை. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு இணையத்தில் இன்னும் சண்டை நடக்கிறது.

ஐந்துரோடு | ஜூன் 4, காலை 10.00

சரி, 14 மணி 51 நிமிடம் எங்கிருந்து வந்தது? அப்படி ஒரு விமானம் இருக்கிறதா?

கமலாபுரத்தான் | ஜூன் 4, காலை 10.20

இல்லை. 13,364-ஐ 900-ஆல் வகுத்தால் 14.85. அவ்வளவுதான் அவர்கள் செய்தது. எந்த இரண்டு நிலையத்தைக் கொடுத்தாலும் அந்தத் தளம் இதையே செய்யும்.

நம்ம ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரம் வேறு, கோடையில் வெயிலும் சேர்ந்தால் காற்று மெலிந்து ஓட வேண்டிய தூரம் கூடும். ஏடிஆர் 72 என்ற சிறிய விமானத்துக்கு முழுச் சுமையில் 1,300 மீட்டர் போதும் என்பதால் அது வருகிறது. ஏர்பஸ் 320 முழுச் சுமையில் 2,000 மீட்டர் சொச்சம் கேட்கும். அமெரிக்கா போகிற பெரிய விமானம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு வேடிக்கை. 2021-ல் ட்ரூஜெட் நிறுவனத்தின் சேவை நின்ற பிறகு கமலாபுரத்தில் மறுபடி பயணிகள் விமானம் வந்தது 2023 அக்டோபரில். அந்த ஒரேகான் சேலத்திலும் 2008-க்குப் பிறகு மறுபடி சேவை தொடங்கியது அதே 2023 அக்டோபரில். பெயர்ப் பொருத்தம் பாருங்க. எதில் எப்போது என்ன பறக்கிறது என்பதைப் பயணத் தேதி வைத்துத்தான் பார்க்க வேண்டும். மாறிக்கொண்டே இருக்கும்.

கமலாபுரத்தான் | ஜூன் 4, இரவு 8.50

நடக்கிற வழி எது என்று பார்ப்போம். அங்கே பெரிய நிலையம் போர்ட்லேண்ட், சேலத்துக்கு 95 கி.மீ. பக்கம். அடுத்தது சியாட்டில். இங்கிருந்து சியாட்டிலுக்கு ஒரே ஒரு மாற்றத்தோடு போகலாம்.

சென்னை–துபாய் 2,930, துபாய்–சியாட்டில் 11,930. கூட்டினால் 14,860. சென்னை–சியாட்டில் நேர்கோடு 12,930. ஆக 1,930 கி.மீ. சுற்று.

பெங்களூரு–நரிட்டா (டோக்கியோவின் நிலையம்) 6,700, நரிட்டா–சியாட்டில் 7,660. மொத்தம் 14,360. பெங்களூரு–சியாட்டில் நேர்கோட்டைவிடச் சுற்று 1,400-க்கும் குறைவு.

சென்னை–பிராங்க்பர்ட்–சியாட்டில் 15,790. சுற்று 2,860.

மேற்கே போய் அமெரிக்கா சேர்வது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஆனால் துபாய்க்கும் சியாட்டிலுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 177.7 டிகிரி, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம். அந்த நூல் துருவத்தை ஒட்டியே போகும். அதனால் மேற்கு, கிழக்கு என்பதற்கே அங்கே அர்த்தமில்லை.

தூரம் குறைவு என்று நரிட்டாவை உடனே பிடித்துக்கொள்ள வேண்டாம். அங்கே எத்தனை மணி நேரம் காத்திருப்பு என்று முதலில் பாருங்க. 500 கி.மீ. மிச்சம் என்பது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

சூரமங்கலம் | ஜூன் 5, காலை 6.15

போகும்போது ஒரு நேரம், வரும்போது ஒரு நேரம் காட்டுதே, அதை விட்டுட்டீங்களே சார்.

கமலாபுரத்தான் | ஜூன் 5, காலை 9.30

ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ. தாண்டும். நரிட்டா–சியாட்டில் 9 மணி நேரத்தை ஒட்டி, திரும்பும்போது பத்து, பத்தரை. துபாய்–சியாட்டில் பாதை காற்றாற்றைக் குறுக்கே வெட்டிப் போகிறதே தவிர அதனோடு ஓடுவதில்லை. இரண்டு பக்கமும் பதினாலரை மணி நேரத்தை ஒட்டியே.

போகும்போது மிச்சமானது வரும்போது போய்விடும், கணக்கு சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு. 7,660 கி.மீ., வேகம் 900 என்று வையுங்க. காற்றில்லாவிட்டால் போக வர 17 மணி 1 நிமிடம். 100 கி.மீ. காற்று என்றால் ஒரு பக்கம் 7 மணி 40 நிமிடம், மறு பக்கம் 9 மணி 35 நிமிடம். கூட்டினால் 17 மணி 15 நிமிடம். எதிர்க்காற்றில் இருக்கும் நேரம் அதிகம், அதனால் நஷ்டமும் அதிகம். மேட்டூரில் பரிசல் ஓட்டுகிறவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. நிறுத்தத்திலிருந்து பின்னே தள்ளும் நொடி தொடங்கி, அங்கே போய் நிற்கும் வரை. சேலம்–சென்னை வான்தூரம் 266 கி.மீ. ஏடிஆர் அரை மணி நேரம் சொச்சத்தில் பறந்துவிடும். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

ஐந்துரோடு | ஜூன் 5, மதியம் 1.10

திங்கள் அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறி, அதே திங்கள் மதியம் 2.30-க்குச் சியாட்டில் என்று ஒரு பயணத்திட்டம் காட்டுகிறது. பத்தரை மணி நேரம்தானா?

கமலாபுரத்தான் | ஜூன் 5, மதியம் 1.35

இரண்டையும் உலக நேரத்துக்கு மாற்றுங்க. இந்திய நேரத்தில் ஐந்தரை கழிக்க வேண்டும்: ஞாயிறு இரவு 10.30. சியாட்டில் கோடை நேரத்தோடு 7 கூட்ட வேண்டும்: திங்கள் இரவு 9.30. ஆக 23 மணி நேரம்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரைதான் இந்த 7. மற்ற மாதங்களில் 8. வித்தியாசம் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. இந்தத் தேதிகளை ஒட்டி டிக்கெட் எடுத்தால், எடுத்த பிறகு நேரம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்க.

கமலாபுரத்தான் | ஜூன் 6, காலை 7.00

இங்கிருந்து எந்த நிலையம்? பெங்களூரு, யோசிக்கவே வேண்டாம். சாலையில் 235 கி.மீ. சென்னை 340.

கமலாபுரத்தான் | ஜூன் 6, மாலை 5.20

யோசிக்க வேண்டும்தான். காலையில் அவசரப்பட்டுவிட்டேன்.

பெங்களூரு நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில். நாம் போவது தெற்கிலிருந்து. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பாள் என்று ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். மாலை நேரமானால் கடைசி 60 கி.மீ.க்கு மட்டும் மூன்று மணி நேரம் வையுங்க. ஓசூருக்குப் பிறகு ஹொசகோட்டை வழியாகச் சுற்றினால் தூரம் கூடும், நேரத்தை ஓரளவு நம்பலாம். அதற்கு முன் தொப்பூர் கணவாய். சரக்கு லாரி ஒன்று மடங்கினால் பாதை அடைத்துக்கொள்ளும். தொப்பூருக்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கி வையுங்க.

சென்னை நிலையம் திரிசூலத்தில், தெற்கு வாசலிலேயே. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம், அடுத்தது நிலையம். நகரத்துக்குள் நுழையவே வேண்டாம். ஆறு மணி நேரம். 105 கி.மீ. கூடுதலாக இருந்தும் பல நாள் இரண்டும் ஒன்றாகவே முடியும்.

சூரமங்கலம் | ஜூன் 6, இரவு 7.40

ரயிலை மறந்துட்டீங்க. ஜங்ஷனிலிருந்து சென்ட்ரல் 334 கி.மீ. சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோ நேராக விமான நிலையம் போகிறது. விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகிற வண்டியென்றால் தாம்பரத்திலேயே இறங்கி, மின்சார ரயிலில் நாலாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிரே நிலையம். இரண்டு பெரிய பெட்டியோடு படி ஏறி இறங்கும் தெம்பு இருக்கணும், அதையும் சொல்லிடறேன்.

பெங்களூருக்கு வந்தே பாரத் இருக்கிறது, தர்மபுரி, ஓசூர் வழி. கண்டோன்மென்டில் முடியும். அங்கிருந்து நிலையம் இன்னும் 30 கி.மீ. சொச்சம்.

ஐந்துரோடு | ஜூன் 6, இரவு 9.15

கமலாபுரத்திலிருந்து சென்னைக்கு விமானத்திலேயே போய்விட்டால்?

கமலாபுரத்தான் | ஜூன் 6, இரவு 9.50

பெட்டியைக் கேட்டுப் பாருங்க. அமெரிக்க டிக்கெட்டில் பொதுவாகத் தலா 23 கிலோவில் இரண்டு, 46 கிலோ. உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக எடுத்தால் பெரும்பாலும் 15 கிலோ. மிச்சம் 31 கிலோவுக்குக் காசு. ஊறுகாய், வடகம், மல்லிப்பொடியெல்லாம் தங்க விலைக்கு வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல் இது. இரண்டும் ஒரே முன்பதிவு எண்ணில் இல்லாவிட்டால், சேலம் விமானம் ரத்தானாலும் தாமதமானாலும் அடுத்த விமானத்துக்காரர் பொறுப்பேற்கமாட்டார். சென்னையில் பெட்டியை எடுத்து, பன்னாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடி கொடுக்க வேண்டும். ஒரே எண்ணில் கிடைத்தால் போங்க. இல்லாவிட்டால் வேண்டாம்.

சியாட்டிலிலும் அதே. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரில்தான் குடிநுழைவுச் சோதனை. போர்ட்லேண்ட் வரை டிக்கெட் இருந்தாலும் பெட்டியைச் சியாட்டிலில் எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடி போட வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி இருந்தால் அந்தத் திட்டத்தைத் தொடாதீங்க. காரில் நேராகப் போவதென்றால் சியாட்டில் நிலையத்திலிருந்து அந்தச் சேலம் 330 கி.மீ. நம்ம ஊர்–சென்னை மாதிரியே. டகோமாவிலும் போர்ட்லேண்டிலும் நெரிசல்.

கமலாபுரத்தான் | ஜூன் 7, காலை 8.00

மொத்தக் கணக்கு. சேலம்–திரிசூலம் 6 மணி நேரம். நிலையத்தில் மூன்றரை. துபாய் வரை நாலேகால். அங்கே காத்திருப்பு மூன்றரை. சியாட்டில் வரை பதினாலரை. குடிநுழைவும் பெட்டியும் 2. சாலை 4. கூட்டினால் 37 மணி 45 நிமிடம்.

நேர்தூரத்தை இதால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 354 கி.மீ. ஏடிஆர் கூட இதைவிட வேகம். ஆனால் ஏற்காடு–கமலாபுரத்துக்கு இதே முறையில் போட்டால் மணிக்கு 10 கி.மீ.தான். கொண்டை ஊசி சந்தோஷப்படலாம்.

இன்னொன்று. 13,364-இல் கடைசி இரண்டு இலக்கத்தை யாரும் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டாம். பூமி சரியான பந்து இல்லை. நடுவில் ஆரம் 6,378, துருவத்தில் 6,357. பந்தாக வைத்துப் போடும் கணக்கில் அரை சதவீதம் வரை பிசகலாம்.

சூரமங்கலம் | ஜூன் 7, காலை 8.45

திங்கள் அதிகாலை 4 மணி விமானம் என்று ஐந்துரோடு சொன்னாரே. அதற்குக் காரில் போனால் ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குக் கிளம்பி, இரவு பதினொன்றுக்குச் செங்கல்பட்டு. ஊருக்குப் போன சென்னைக்காரங்க எல்லாரும் திரும்புகிற நேரம். பரனூர் சுங்கச்சாவடி வரிசையை எந்தக் கணக்கில் சேர்த்தீங்க?

கமலாபுரத்தான் | ஜூன் 7, காலை 9.10

சேர்க்கவில்லை. ஞாயிறு மதியம் 12-க்கே கிளம்பினால் 5 மணிக்குப் பரனூரைத் தாண்டிவிடலாம், ஆனால் விமான நிலையத்தில் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். பகல் ரயிலில் சென்ட்ரல் போய், தெரிந்தவர் வீட்டில் சாப்பிட்டுப் படுத்து, இரவு மெட்ரோ நிற்பதற்குள் நிலையம் சேருங்க. 37-ஐ 45 என்று திருத்திக்கொள்ளுங்க.

ஐந்துரோடு | ஜூன் 7, காலை 9.30

செவ்வாய்க்கிழமை டிக்கெட் 4,000 ரூபாய் குறைவு. அதையே போட்டுவிட்டேன். முன்பதிவில் சேலம் என்று அடித்தால் இரண்டும் வருகிறது, நல்லவேளை பார்த்தேன்.

கமலாபுரத்தான் | ஜூன் 7, காலை 9.40

விமான நிலையக் குறியீட்டில் நம்முடையது எஸ்.எக்ஸ்.வி., அது எஸ்.எல்.இ. பெட்டியில் ஒட்டும் சீட்டில் சியாட்டிலுக்கான எஸ்.இ.ஏ. என்று இருக்கிறதா என்று கவுன்டரிலேயே பாருங்க.